கோழிக்கடையில் கற்ற குரல்

"…அப்புறம் அழுதுக்கலாம், மொதல்ல திட்டு. ஒன்மேல தண்ணிய ஊத்தி மூச்ச அடைச்சவன் இந்தா நிக்கிறான். காத்த முழுங்கு, வயித்த எக்கு, திட்டுடா தம்பி," என்றபடி பாக்கியம் அக்கா என் மச்சானைச் சட்டைக் காலரோடு இழுத்துவந்து என் கட்டிலருகே நிறுத்தினார்.

பாக்கியம் அக்காவுக்குக் குரல்வளை கிடையாது. எனக்கும் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டார்கள், அவருக்குச் சில வருஷம் முன்னால். ஏப்பத்தைப் பிடித்து வார்த்தையாக அடித்து நீட்டினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும் அவர் பேச்சு. மச்சானுக்கு இடது கை கட்டுப்போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. காறை எலும்பு முறிந்திருந்தது. முறித்தவள் அவருடைய சொந்தத் தங்கை, என் மனைவி சரோஜா.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். இதே நோயோடு எந்த வார்டிலாவது படுத்திருப்பவர் ஒருவருக்கு இது போய்ச் சேர்ந்தால் போதும், எனக்கு வேறு நோக்கமில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் மார்க்கெட் ஸ்திரீட் அஞ்சடி நடைபாதையில் லெலோங் போட்டுக்கொண்டிருந்தேன். லெலோங் என்றால் துணியைக் குவித்துவைத்து ஏலம் கூறுவதுபோல் கத்திக் கத்தி மலிவு விலைக்குத் தள்ளுவது. பகலில் அங்கே, சாயங்காலம் எங்கே பாசார் மாலாம் என்ற இராச்சந்தை கூடுகிறதோ அங்கே. வாயில் என்கிற மெல்லிய பருத்திச் சேலை, கட் பீஸ், தலையணை உறை, எது கிடைத்தாலும் என் தொண்டை விற்றுக் கொடுக்கும். எதிரே மசாலாக்கடை வைத்திருந்த காதர் பாய், "ஒன் தொண்டைக்குத் தனியா ஒரு லைசன்ஸ் எடுத்துக்கப்பா, அது தனிக்கடை" என்பார். எனக்கு அவர் சொன்னது பெரிய பட்டம் வாங்கியதுபோல.

குரல் கம்ம ஆரம்பித்தபோது கத்தியதால்தான் என்று நினைத்தேன். கற்கண்டு, மிளகு, சீனர்கடைக் கசப்பு டீ எல்லாம் ஆயிற்று. மாதங்கள் போயின. ஒருநாள் துப்பியதில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேரும் கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பிறகு மயக்கம் கொடுத்து, உள்ளேயிருந்து துணுக்குச் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயாப்சி என்பது இவ்வளவுதான், பேர்தான் பெரிசு.

முடிவு வந்த அன்று டாக்டர் தாளில் இரண்டு குழாய் வரைந்தார். ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று மூச்சுக்கு. மூச்சுக்குழாயின் மூடியில்தான் குரல் இருக்கிறது, அங்கேதான் புற்றும் இருக்கிறது. மூடியை எடுத்துவிட்டு, குழாயின் வாயைக் கழுத்துக்கு முன்பக்கம் கொண்டுவந்து தைத்துவிடுவோம், அப்புறம் மூச்சு மூக்கால் போகாது, கழுத்து ஓட்டையால் போகும் என்றார். "பேச்சு?" என்று கேட்டேன். "உயிர் இருக்கும்" என்றார்.

கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டேன். கத்திக் கத்தி விற்கிறவன் கத்த முடியாமல் இருப்பதற்கு, கட்டையில் போவதே மேல் என்று பட்டது.

மச்சான் முத்து வந்தார். சரோஜாவின் அண்ணன், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், கடலுக்கு அக்கரையில் புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் வேலை. "போடுங்க மாப்ள கையெழுத்த. ஊமையா எத்தன பேரு பொழைக்கல லா? நம்ம கோயில்ல மணியடிக்கிறவன் ஊமைதான, நல்லா ஒடம்பு வச்சுருக்கான்" என்றார். எச்சில் துப்பும் இரும்புக் கிண்ணத்தை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன். நெற்றி பிளந்தது. அவர் என் சட்டையைப் பிடிக்க, நான் அவர் முடியைப் பிடிக்க, இருவரும் கட்டிலிலிருந்து உருண்டோம். மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பம் எங்கள் மேலேயே விழுந்தது. வார்டு ஆட்கள் வந்து பிரித்தார்கள்.

எங்கள் ஊரில் பேச்சோடு 'லா' சேர்ப்போம், நர்ஸ்களை மிஸ்ஸி என்போம். அந்த வார்டின் மூத்த மிஸ்ஸி லிம் என்ற சீனப் பெண்மணி, சந்தையில் பழகிய பாசார் தமிழ் பேசுவார். உடைந்த கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டே, "சண்டை போட பெலம் இருக்கு. அப்ப ஆபரேஷனுக்கும் பெலம் இருக்கு லா" என்றார். மறுநாள் பாக்கியம் அக்காவைக் கூட்டிவந்தவர் அவர்தான்.

புற்றுநோயாளிக்கு ஆதரவு, வழிகாட்டி என்று இப்போது பேசுகிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அப்படி ஒரு அலுவலகமோ பலகையோ இல்லை. லிம் மிஸ்ஸி ஆயர் ஈத்தாம் பாசாரில் பாக்கியம் அக்காவிடம் கோழி வாங்குவார். புதிதாக ஒரு கழுத்து வார்டுக்கு வந்தால், கோழி வாங்கும்போது சொல்லுவார். அக்கா கையைக் கழுவிவிட்டு பஸ் ஏறி வருவார். அமைப்பு என்றால் அதுதான் அமைப்பு.

குட்டையான உருவம், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, கோழி வாடை. அந்த வாடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் கடைசியாக முகர்ந்த வாடைகளில் அது ஒன்று. மூக்கால் மூச்சுப் போகாவிட்டால் வாசமும் போய்விடும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். அக்கா வணக்கம்கூடச் சொல்லாமல் கைக்குட்டையை அவிழ்த்து ஓட்டையைக் காட்டினார்.

"பாத்துக்க. பொண்ணு பாக்கப் போனா எப்படிப் பாப்ப, அப்படி நல்லாப் பாத்துக்க. ஒனக்கும் இதான்."

நான் முகத்தைத் திருப்பினேன். தாடையைப் பிடித்துத் திருப்பினார். கோழி பிடிக்கிற கை, சதை கன்றிவிட்டது.

"வாயால போன மூச்சு கழுத்தால போகுது. வீட்டுக்கு வாசல மாத்திக் கட்டினா அது வேற வீடாயிடுமா? நாளைக்கு பாசாருக்கு வா. நான் பொழைக்கிறதப் பாரு. பாத்துட்டு சாவறதா வேணாமான்னு முடிவு பண்ணு. அவசரமில்ல, கத்தி எங்கயும் ஓடாது."

டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். ஆயர் ஈத்தாம் பாசாரில் காலைக் கூட்டம். அக்கா கூண்டிலிருந்து ஒன்றை இழுத்து, இறக்கையை மடக்கி, கழுத்தை ஒரே இழுப்பில் அறுத்து, டின்னுக்குள் தலைகீழாகச் செருகினார். உள்ளே அது உதைத்துக்கொண்டது. ரத்தம் கால்வாயில் ஓடியது. எனக்கு வரப்போவதை யாரோ முன்கூட்டி நடித்துக் காட்டுவதுபோல இருந்தது.

கோழி வாங்க வந்த ஒரு ஆள், அக்காவின் பேச்சைக் கேட்டுவிட்டு, "இதென்ன பேய் பேசறாப்பல இருக்கு, எனக்கு வேணாம்" என்று பாதி வெட்டிய கோழியை விட்டுவிட்டு நகர்ந்தான். அக்கா வெட்டுக்கத்தியைப் பலகையில் ஓங்கிப் போட்டார். பாதி அலகு கட்டைக்குள் இறங்கிற்று. "பேய் வெட்டின கோழி தனி ருசிடா. காச வச்சிட்டுப் போ. வைக்கல, அடுத்து பேய் எத வெட்டும்னு எனக்கே தெரியாது," என்றார். அவன் காசை வைத்தான். கோழியையும் எடுத்துக்கொண்டான். பக்கத்து மீன்கடைச் சீனர் வயிறு வலிக்கச் சிரித்தார்.

ஆறுதல் சொல்லி அக்கா என்னை இணங்கவைக்கவில்லை. அந்தச் சண்டைதான் இணங்கவைத்தது. குரலில்லாமல் ஒருத்தி இப்படிச் சண்டை போட முடியுமென்றால் பிழைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சாயங்காலமே கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, தூங்கிவிட்டேன். விழித்த பிறகுதான் அடி உதை. கழுத்து ஓட்டையில் சளி சேரும். ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு மெஷினால் உறிஞ்சுவார்கள். உறிஞ்சும் நேரத்தில் மூச்சும் சேர்ந்து போகும். நெஞ்சுக்குள் கைவிட்டு வேரோடு பிடுங்குவதுபோல் உடம்பு கட்டிலைவிட்டு எழும்பும். ஆனால் சத்தம் வராது. வாயைக் கிழித்துக் கத்துவேன், காற்றுகூட வராது. வலியைவிட அந்த நிசப்தம்தான் என்னை அடித்தது. கரண்டியால் கட்டில் கம்பியைப் போட்டு அடிப்பேன். எழுதிக் காட்டச் சரோஜா வாங்கித் தந்த சிலேட்டை இரண்டு தரம் உடைத்தேன். அவள் மூன்றாவது வாங்கிவந்து, "இத ஒடச்சா அடுத்தது தகரத்துல வாங்குவேன், ஒங்க தலைதான் ஒடையும்" என்றாள்.

அவள்தான் என் துணிமூட்டையைப் பிரித்து ஃபிளாட் ஃபிளாட்டாக ஏறி விற்றாள். அரசாங்க வார்டு, பில் நான் பயந்த அளவுக்கு இல்லை. வியாபாரம் நின்றதுதான் கடித்தது. விற்காத வாயில் துணியில் கழுத்து ஓட்டையை மறைக்கச் சின்னச் சின்னத் தொங்கல்கள் தைத்தாள், பூப்போட்டது, கோடு போட்டது. மச்சானும் குறை வைக்கவில்லை. நெற்றித் தையலோடு, வேலை முடிந்து ஃபெரி ஏறி, பஸ் மாறி வருவார். மூக்குக்குழாய் வழியாகக் கஞ்சி இறங்கும்வரை ஏனத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு முகச்சவரம் செய்துவிட்டார். மூத்திரச் சட்டியையும் எடுத்தார். இதைச் சொல்லாமல் மேலே போனால் அவரை நீங்கள் தப்பாக நினைப்பீர்கள்.

வீட்டுக்கு வந்தபின், பாசார் அடங்கும் மத்தியானங்களில் அக்கா எனக்குப் பேச்சுச் சொல்லிக் கொடுத்தார். கவிழ்த்துப் போட்ட கோழிக்கூண்டுமேல் நான், எதிரே அவர். வழி இதுதான்: வாயில் காற்றைப் பூட்டி, நாக்கால் அமுக்கிச் சாப்பாட்டுக் குழாய்க்குள் தள்ளு. அது கீழே இறங்குமுன் வயிற்றை எக்கி மேலே கொண்டுவா. தொண்டைச் சுவர் அதிரும். அந்த அதிர்வைத்தான் உதட்டாலும் நாக்காலும் வார்த்தையாக்க வேண்டும். ப, த, க போன்ற வல்லின எழுத்துகள் காற்றைத் தாமே உள்ளே தள்ளும். அதனால் அவற்றில் தொடங்கும் சொற்கள் முதலில் வரும். அக்காவுக்கு அப்படித் தொடங்கும் நல்ல வார்த்தைகள் அதிகம் தெரியாது, கெட்ட வார்த்தைகள் நிறையத் தெரியும். அதையே பாடமாக வைத்துக்கொண்டோம். ஆரஞ்சு சோடா குடிக்க வைப்பார், ஏப்பம் வருவதற்காக. வராவிட்டால் கத்திப்பிடியால் வயிற்றில் ஒரு குத்து.

"கோவம் வந்தாத்தான்டா கொரல் வரும். நல்லவனா இருந்தா கடைசிவரைக்கும் ஊமைதான்."

வாரக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. பிறகு கடையில் மட்டும் ஓரிரு சத்தம். வீட்டில் வாயைத் திறந்தால் வெறும் உதட்டசைவு.

அப்படியிருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கு வைக்கும் நேரம், வெளியே மழை, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சரோஜா கீழே கடைக்கு முட்டை வாங்கப் போயிருந்தாள். வீட்டுக்கு வந்திருந்த மச்சான் குளித்துப் பட்டை போட்டுக்கொண்டு சாமி படத்துக்குச் சாம்பிராணி போட்டார். அவர் ஃபேக்டரிக்குப் பக்கத்திலுள்ள முனீஸ்வரர் கோயிலில் பல வருஷமாகத் தொண்டு செய்பவர். சாமி இறங்கியவரைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பதும், உக்கிரம் ஏறினால் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதும் அவர் வேலை.

புகை நேரே என் கழுத்துக்குள் போயிற்று. மூக்கிலாவது வடிகட்ட மயிர் இருக்கிறது, ஓட்டையில் என்ன இருக்கிறது. இருமல் என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது. கண் சிவந்து பிதுங்கியது, உடம்பு உதறியது. புகை வெளியே போனால் போதும் என்று, கற்றபடி காற்றை அமுக்கி மேலே தள்ளினேன்.

"கதவத் தொற."

வந்துவிட்டது. முழுசாக, கனமாக, ஃபிளாட் அதிரும்படி. நான் கேட்ட என் முதல் வாக்கியம். இருமிக்கொண்டே, சத்தமில்லாமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

மச்சானின் கையிலிருந்த தூபக்கால் விழுந்தது. "ஐயா வந்துட்டாரு," என்றார் மெதுவாக. "கதவத் தொறக்கச் சொல்றாரு."

திறந்தார். எதிர்வீட்டு அம்மாள் வந்தார், வராந்தாக் கோடியிலிருந்து இரண்டு வாலிபர்கள் வந்தார்கள். அந்த அம்மாள் என் காலில் விழுந்து, "ஐயா, ஞாயித்துக்கெழமை லாட்டரிக்கு ஒரு நம்பர் சொல்லுங்க ஐயா, வாடக கட்டல" என்றார். எனக்குக் கோபம் பொங்கியது. கோபம் வந்ததும் குரல் தாராளமாக வந்தது. "போ. போ. போ." பின்னாலிருந்து ஒருவன், "எத்தன போ சொன்னாரு, எண்ணு எண்ணு" என்றான்.

"உக்கிரம் ஏறுது, குளுத்தணும்" என்று மச்சான் என்னைப் பின்னாலிருந்து வளைத்துப் பூட்டினார். எத்தனையோ பேரைப் பிடித்த கை, அசைய முடியவில்லை. வாலிபர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். குளியலறை வாளியில் மஞ்சள் கரைந்தது. நான் தாடையை மார்போடு அமுக்கி ஓட்டையை மூடப் பார்த்தேன். "மொகத்தக் காட்டுங்க ஐயா" என்று முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுத்தார்கள். சரோஜா தைத்த பூப்போட்ட துணி விலகியது.

முதல் செம்பு. நின்ற இடத்திலேயே கடலில் விழுந்தேன். மற்றவர்கள்மேல் ஊற்றினால் முகத்தில் வழியும், என்மேல் ஊற்றினால் நுரையீரலில் இறங்கும். உதைத்தேன். சாமி மேடை சாய்ந்து கண்ணாடி நொறுங்கியது. வாய்க்கு அகப்பட்ட மணிக்கட்டைக் கடித்தேன், பல்லில் எலும்பு தட்டியது. ஒவ்வொரு உதையும் அவர்களுக்குச் சாமியின் பலமாகப் பட்டது. இரண்டாவது செம்பு. அதற்குப்பின் எனக்குப் பார்வை இல்லை.

மிச்சம் சரோஜா சொல்லிக் கேட்டது. திரும்பி வந்து இதைப் பார்த்து முட்டையைக் கீழே போட்டவள் அடுப்படிக்குப் போய் அம்மிக்குழவியைத் தூக்கிவந்தாள். "அண்ணே விடு" என்றாள். "சாமி தங்கச்சி" என்றார் அவர். "சாமின்னா அடிச்ச என் கை வெளங்காமப் போவட்டும். என் புருசன்னா ஒன் கை போவட்டும்," என்று சொல்லிக்கொண்டே அண்ணன் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் வராந்தாவரை கேட்டதாம். பிறகு என்னைக் குப்புறப் புரட்டி முதுகில் அறைந்து, கழுத்து ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சி உறிஞ்சித் துப்பினாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. முறிந்த தோளோடு, மறுதோளில் என்னைப் போட்டுக்கொண்டு படியிறங்கி டாக்சிக்கு ஓடியவர் மச்சான்தான்.

நிமோனியா என்றார்கள். நுரையீரலில் சீழும் நீரும் கட்டிக்கொண்டு வரும் காய்ச்சல். மறுபடி அதே வார்டு, அதே உறிஞ்சு குழாய். உயிர் தங்கிவிட்டது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் சாமி, இல்லாவிட்டால் பேய், எதுவாக இருந்தாலும் தண்ணீர். சிலேட்டைக்கூடக் கவிழ்த்து வைத்தேன். சரோஜா பேசிப் பார்த்தாள், லிம் மிஸ்ஸி பேசிப் பார்த்தார். சுவரைப் பார்த்துக் கிடந்தேன்.

லிம் மிஸ்ஸி கோழி வாங்கப் போனார். அன்று மத்தியானமே அக்கா வந்துவிட்டார். மச்சான் தினமும் வந்து உள்ளே நுழையத் துணியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டுப் போவாராம். அங்கிருந்துதான் காலரைப் பிடித்துத் தூக்கிவந்தார். வரும் வழியிலேயே ஓட்டையைக் காட்டி, தண்ணீர் எங்கே போகும் என்பதை அவருக்கு விளக்கியும் விட்டார்.

"தப்பு என்னுது," என்றார் என்னிடம். "பேசறவனுக்குப் பாடம் நடத்தினேன். கேக்கறவங்களுக்கு நடத்தல. இனிமே வூட்டு ஆளுங்களையும் உக்கார வச்சுத்தான். இப்பத் திட்டு."

நான் காற்றை அமுக்கினேன். காய்ச்சல் உடம்பு, இறங்கவில்லை. அக்கா விரலை மடக்கி என் வயிற்றில் குத்தினார். மறுபடி அமுக்கினேன்.

"போடா."

கொஞ்சம் நிறுத்தி, அடுத்த காற்றைப் பிடித்தேன். "கதவத்… தொறன்னது… காத்துக்குடா."

குரலைக் கேட்டதும் மச்சானுக்கு மயிர்க்கூச்செறிந்தது, கையில் எனக்கே தெரிந்தது. பழக்கம், அவர் என்ன செய்வார். கட்டுப்போட்ட கையோடு மறு கையைச் சேர்த்துக் கும்பிட்டார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்ட அடி வார்டு முழுக்கக் கேட்டது.

"கும்புடாத. அவன் ஒங்கிட்ட பேசறான். பதில் சொல்லு."

ஸ்டூலைக் காலால் தள்ளி அவரை அதில் அமுக்கினார். மச்சான் என் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது. ஆனால் பேச்சு வந்தபோது ரோஷத்தோடு வந்தது.

"என்ன மாப்ள, டா போடறீங்க? ரெண்டு வயசு மூத்தவன் லா நான்."

"போடா," என்றேன்.

"ஒங்க தங்கச்சிதான் என்னை அடிச்சா… சே, என் தங்கச்சி. அவ அடிச்சதுக்கு நான் ஏதாவது சொன்னனா? நீங்க எதுக்கு லா…" என்று ஆரம்பித்து, சாம்பிராணி, மழை, சாத்திய ஜன்னல் என்று தன் நியாயத்தைக் கொட்டிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் நான் காற்றைப் பிடித்துப் பிடித்துப் பதில் சொன்னேன். ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம்.

அக்கா எங்களைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு கிராணி, கழுத்து ஆபரேஷனுக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காலையிலிருந்து தலைவரை போர்த்திக்கொண்டு கிடந்தார். எங்கள் சண்டையைக் கேட்டுப் போர்வை லேசாக விலகியிருந்தது, ஒரு கண் மட்டும் தெரிந்தது. அக்கா ஒரு கையால் தன் கழுத்துக் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே அந்தக் கட்டிலுக்குப் போனார். மறு கையால் போர்வையைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவித் தரையில் போட்டார்.